செல்லாது, ஆகாது, அல்ல: சட்டத் தாளில் எத்தனை வகை ‘இல்லை’?

‘நான்-பெயிலபிள்’ என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும். நம்ம நெல்லைப் பக்கத்தில் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. சீட்டுப் பணத் தகராறில் ஒருவர்மேல் மோசடிப் புகார் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420. ஸ்டேஷன் வாசலில் நின்ற மச்சான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் அது ‘சாமீனே கெடையாதாம்லா’ என்று மாறியிருக்கும். ஆள் செங்கோட்டை தாண்டி, கொல்லத்தில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் பஸ் ஏறியிருப்பார். அந்தப் பஸ்தான் கெடுதல். தலைமறைவாக இருந்தார் என்பது பின்னால் ஜாமீன் கேட்கும்போது அவருக்கு எதிராக வந்து நிற்கும்.

சட்டத்தில் இருப்பது வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டமாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ‘பெயிலபிள்’ வகையில் ஜாமீன் என்பது உரிமை. பிணை கொடுக்க ஆயத்தமாக இருந்தால் ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும் (பிரிவு 478). அடுத்த வகையில் அதை உரிமையாகக் கேட்க முடியாது. நீதிமன்றம் பார்த்து, நிபந்தனை போட்டுக் கொடுக்கலாம். மறுக்கவும் செய்யலாம் (பிரிவு 480). அங்கே மறுத்தால் செஷன்ஸ் கோர்ட்டும் ஐகோர்ட்டும் இருக்கின்றன (483). கைதாவதற்கு முன்பே கேட்கிற முன்ஜாமீன் வேறு (482). ‘ஜாமீன் கிடையாது’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் குற்றத்துக்கு ஜாமீன் கேட்க இத்தனை வாசல்! வக்கீல் குமாஸ்தாக்கள் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள்: “அண்ணாச்சி, கெடையாதுன்னு இல்ல, கேட்ட ஒடனே கெடைக்காது, அவ்வளவுதாம்.”

(அந்த வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது நடுவே கோடு போட மறந்துவிட்டால் ‘நான் பெயிலபிள்’ என்று ஆகிவிடும். தன்னைத்தானே ஜாமீனுக்கு உரியவர் என்று அறிவித்துக்கொள்வதுபோல. பொருள் நேர் தலைகீழ்.)

சட்டத் தாள்களில் வரும் எதிர்மறைச் சொற்களைப் படிக்கும்போது நாம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான். எல்லா ‘இல்லை’யையும் ஒரே ‘இல்லை’யாக எடுத்துக்கொள்கிறோம். நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று இல்லை

வடமொழியிலிருந்து வந்த ‘அ’ என்ற எதிர்மறை முன்னொட்டுக்குத் தமிழ் இலக்கணத்தார் மூன்று பொருள் சொல்வது வழக்கம்: இன்மை, அன்மை, மறுதலை. அரூபம் என்றால் உருவம் இல்லாதது, அது இன்மை. அப்பிராமணன் என்றால் பிராமணன் அல்லாத வேறொருவன். ஆள் இருக்கிறான், ஆனால் அந்த வகையில் இல்லை, அது அன்மை. அதர்மம் என்றால் தர்மம் இல்லாத வெற்றிடம் என்று பொருளில்லை, தர்மத்துக்கு நேர் எதிராக நிற்பது, அது மறுதலை.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ‘நான்-பெயிலபிள்’ பக்கம் திரும்பிப் பாருங்கள். மச்சான் கேட்டது இன்மை: ஜாமீன் இல்லை. சட்டம் சொன்னது அன்மை: ஜாமீன் தானாகக் கிடைக்கும் வகையைச் சேர்ந்தது அல்ல.

எழுத்துத் தமிழில் இன்மைக்கு ‘இல்லை’, அன்மைக்கு ‘அல்ல’ என்று தனித்தனிச் சொல் உண்டு. நெல்லைப் பேச்சில் ‘அல்ல’ ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. ‘அது எம் பையன் இல்ல’, ‘எங்கிட்ட பணம் இல்ல’ இரண்டுக்கும் ஒரே ‘இல்ல’தான், கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ‘கெடையாது’. பேச்சில் இதனால் நட்டமில்லை, ஆள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். பத்திரத்துக்கு முகம் கிடையாது.

இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்ட ஒருவர் இதில் இன்னொன்றைக் கவனித்தார். 1841இல் இராதாபுரம் பக்கம் இடையன்குடிக்கு வந்து, அந்தத் தேரிமண்ணிலேயே ஊன்றிய கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகள் வடமொழியிலிருந்து வேறுபடும் இடங்களில் ஒன்றாக எதிர்மறை வினையைச் சொல்கிறார். வடமொழி ஒரு சொல்லுக்கு முன்னால் ‘அ’, ‘நிர்’ என்று ஒட்டி மறுக்கும். தமிழ் வினைக்குள்ளேயே மறுக்கும். செல்லும், செல்லாது. வரும், வாரா. அசையும், அசையா. மறுப்பு நிற்பது சொல்லின் தலையில் இல்லை, வயிற்றில்.

இதைத் தெரிந்துகொண்டால் பத்திரம் படிப்பதில் ஒரு சங்கடம் தீரும். ‘அசையாச் சொத்து’ என்பதில் முதலில் நிற்கும் ‘அ’வைப் பார்த்து அதுதான் எதிர்மறை என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, அது அசைதல் என்ற வினையின் சொந்த எழுத்து. மறுப்பது ‘யா’வுக்குள் இருக்கும் ஆகாரம். அதேபோல் அடமானம், அடங்கல், அசல், அமீனா எதிலும் ‘அ’ எதையும் மறுக்கவில்லை. அநாதை என்பது ‘அ’வும் நாதனும் சேர்ந்தது, அனாதீனம் என்பது ‘அன்’னும் ஆதீனமும் சேர்ந்தது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வெட்டும் இடம் வேறு. மெய்யெழுத்தில் தொடங்கும் வடசொல்லுக்கு முன் ‘அ’, உயிரில் தொடங்கினால் ‘அந்’ அல்லது ‘அன்’ என்பது அங்கே விதி.

‘நிர்’ இன்னும் மோசம். நிரபராதி, நிராயுதபாணி இரண்டிலும் அது ‘இல்லாத’ என்று பொருள் தரும். நிர்ணயம், நிர்வாகம், நிர்ப்பந்தம் மூன்றிலும் தராது. அங்கே அது வெறும் அழுத்தம். நிரபராதியைப் பிரித்தால் உள்ளே ஓர் அபராதம் கிடக்கிறது. வடமொழியில் அபராதம் என்றால் குற்றம். தமிழில் அது குற்றத்துக்குக் கட்டும் பணமாகிவிட்டது. ஹெல்மெட் போடாமல் வண்ணாரப்பேட்டையில் அபராதம் கட்டாமல் தப்பித்தவரெல்லாம் நிரபராதி ஆகமாட்டார்.

‘துர்’, ‘துஷ்’ என்று வந்தால் இல்லாமை கிடையாது, கெட்ட விதம். அதிகாரத் துஷ்பிரயோகம் செய்தவரிடம் அதிகாரம் இருந்தது. அதைக் கெட்ட வழியில் பயன்படுத்தினார். அதிகாரமே இல்லாதவர் செய்தது வேறு வழக்கு.

பேர் இல்லாத பேர்

நம் சட்டப் பேச்சு ஒரே மொழியில் வளரவில்லை. ஆற்காட்டு நவாபின் ஆட்கள் இங்கே வரி வசூலித்த காலத்தில் பாரசீக, அரபுச் சொற்கள் வந்து இறங்கின: வக்கீல், வாரிசு, ஜாமீன், ஜப்தி, அமீனா, வசூல், ஜமாபந்தி. 1801 உடன்படிக்கையோடு நிர்வாகம் முழுக்கக் கம்பெனியிடம் போனபின் இங்கிலீஷ் அடுக்கு ஏறியது. அதனால் எதிர்மறை முன்னொட்டும் மூன்று தேசத்துச் சரக்கு.

பாரசீகத்தில் ‘பே’ என்றால் ‘இல்லாத’. ‘நாம்’ என்றால் பெயர். பே-நாமி: பெயரில்லாதது. நம் வாயில் அது பினாமி ஆயிற்று. ஈமான், அதாவது நம்பிக்கை, இல்லாதவன் பேமானி. வசவு என்று மட்டும் நினைத்து நாம் வீசும் அந்தச் சொல்லுக்குள் ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது.

பினாமியில் வேடிக்கை என்னவென்றால், பத்திரத்தில் பெயர் இல்லாமல் இல்லை. பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாம் இருக்கும். பணம் போட்டவர் பெயர்தான் இருக்காது. ஆக, இங்கேயும் இன்மை என்று படித்தால் தப்பு. அன்மை என்று படிக்க வேண்டும்: இருக்கும் பெயர் உடையவர் பெயர் அல்ல. 1988இல் வந்து 2016இல் திருத்தப்பட்ட பினாமிப் பரிவர்த்தனைத் தடைச் சட்டமும் எல்லாவற்றையும் இதில் சேர்க்கவில்லை. கணக்கில் காட்டிய வருமானத்தில் ஒருவர் மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்கினால் அது பினாமி ஆகாது. சவுதியில் இருந்து சம்பாதித்து வீட்டம்மா பெயரில் வள்ளியூரில் மனை வாங்கியவர் இதற்காக ராத்திரி விழித்திருக்க வேண்டியதில்லை. வருமானக் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தால் போதும்.

தமிழிலும் முன்னால் ஒட்டி மறுக்கும் சொல் இல்லாமல் போகவில்லை, இலக்கணம் அதை முன்னொட்டு என்று பட்டம் கட்டவில்லை, அவ்வளவே. ‘மொட்டை’யைப் பாருங்கள். கையெழுத்தும் விலாசமும் இல்லாத புகார் மொட்டை மனு. எழுத்துத் தமிழ் அதை அநாமதேய மனு என்று சுற்றி வளைக்கும். இரண்டில் எது தெளிவு என்று கேட்டால் என் ஓட்டு மொட்டைக்குத்தான்.

நிலத்தில் வரும் இல்லைகள்

நம் பக்கத்து வழக்குகளில் பெரும்பகுதி நிலத்தைச் சுற்றித்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

‘இந்த நிலத்துக்குப் பட்டா இல்லை.’ ‘இது பட்டா நிலம் அல்ல.’ பேச்சில் இரண்டும் ‘பட்டா இல்ல’ என்றுதான் வரும். முதலாவதில் நிலம் உங்களுடையதாக இருக்கலாம். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவை மாற்றாமல் விட்டிருப்பீர்கள். கிரயப் பத்திரம், வாரிசுச் சான்று வைத்து எழுதிப்போட்டால் வேலை முடியலாம். இரண்டாவதில் நிலத்தின் வகையே வேறு: ஓடை, குளம், பாதை, மேய்ச்சல் என்று ஏதோ ஒரு புறம்போக்கு. அங்கே எழுதிப்போட்டு என்ன, ஏழு தலைமுறை குடியிருந்தேன் என்றாலும் பேச்சு வேறு திசையில் போகும். தரகர் ‘பட்டா இல்லண்ணே, வாங்கிக்கிடலாம்’ என்று சொன்னால், அவர் சொல்வது இல்லையா, அல்லவா என்று கேளுங்கள். நிலத்தின் வகையைக் குறித்துவைக்கும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே நம்பருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் விடை அங்கேயே இருக்கும்.

அதே பதிவேட்டில் சில நம்பர்களுக்கு நேரே ‘அனாதீனம்’ என்று கண்ணில் படும். ஆதீனம் என்றாலே நமக்கு மடம்தான் நினைவுக்கு வரும். மடத்துக்குச் சேராத நிலம் போலிருக்கிறது, தாராளமாக வாங்கலாம் என்று ஒருவர் நினைத்தால் ஆச்சரியமில்லை. இங்கே ஆதீனம் என்பது வசம், கைவசம். யார் வசத்திலும் இல்லை என்று குறித்த நிலம். அப்படிப்பட்டதை அரசு தன் கணக்கில் வைத்துக்கொள்ளும். யாருடையதும் இல்லை என்பது எல்லாருடையதும் என்று ஆகாது.

‘ஆட்சேபணையற்ற புறம்போக்கு’ என்பது இதைவிடப் பெரிய கண்ணி. புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு வரன்முறைப்படுத்திப் பட்டா கொடுக்கும் அரசு உத்தரவுகளில் இந்தத் தொடர் வரும். கேட்டவுடன் நமக்குத் தோன்றுவது: ‘முப்பது வருசமா குடியிருக்கோம், பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஆட்சேபணையே இல்லையே!’ அந்த ஆட்சேபணை பக்கத்து வீட்டுக்காரருடையது அன்று. நிலத்தின் வகையைப் பார்த்து அரசு சொல்வது. குளம், ஓடை, வாய்க்கால், சாலை போன்றவை ஆட்சேபணைக்குரியவை. யாரும் வாய் திறக்காவிட்டாலும் அப்படித்தான். பொதுத் தேவைக்கு வேண்டாத மனைவகைகள்தான் ‘அற்ற’ பக்கம் வரும். குளத்துக் கரையை நம்பி ஊர் வைத்திருக்கும் தாமிரபரணிப் பாசனத்தில் இந்த வேறுபாடு சும்மா கிடையாது. 2007இல் குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு தனிச்சட்டமே போட்டது. 2011இல் பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், கிராமத்துப் பொதுநிலத்தை நீண்டகாலம் ஆண்டுவந்தோம் என்பதைக் காரணமாக ஏற்க முடியாது என்றது. ‘நெல்லை புது பஸ் ஸ்டாண்டுக்கே வேய்ந்தான்குளம்னுதான பேரு’ என்று டீக்கடையில் எதிர்வாதம் செய்யலாம். கோர்ட்டில் நிற்காது.

வில்லங்கச் சான்றிலும் ஒரு ‘இல்லை’ உண்டு. ‘நில்’ (nil), அதாவது ‘ஏதுமில்லை’ என்று வந்த இ.சி.யைப் பார்த்துவிட்டு வில்லங்கமே இல்லை என்று பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள் சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் கேட்ட காலத்துக்குள், அந்தச் சொத்தைப் பற்றி, பதிவு அலுவலகத்தின் புத்தகத்தில் எதுவும் ஏறவில்லை. வாய்மொழியாகப் பாகம் பிரித்தது, வெள்ளைத்தாளில் எழுதி ஒத்திக்கு விட்டது, பெரியம்மா மகள் தன் பங்கைக் கேட்கக் காத்திருப்பது, இதெல்லாம் அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. நேரில் போய் நிலத்தில் யார் உழுகிறார் என்று பார்ப்பதற்குப் பதிலாக எந்தச் சான்றும் வராது.

‘தடையில்லாச் சான்று’ம் அப்படியே. கொடுத்தவருக்கு ஆட்சேபம் இல்லை என்பதோடு அது முடிந்தது. அனுமதி வேண்டியிருந்தால் அனுமதி கொடுக்க வேண்டியவரிடம் தனியாகப் போக வேண்டும்.

செல்லாது, செல்லாமல் ஆக்கலாம்

புதிதாகப் படிப்பவர் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு ஒப்பந்தம் அல்லது பத்திரம் ‘செல்லாதது’ என்றால் பிறக்கும்போதே உயிரில்லை. ‘செல்லாததாக்கத்தக்கது’ என்றால் உயிரோடு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் முன்வந்து கொல்லலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனி வரையறை கொடுக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ கையெழுத்து வாங்கினால் அந்த ஒப்பந்தம் இரண்டாவது வகை. எல்லாரும் நினைப்பதுபோல் அது தானாகச் சாகாது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நஞ்சை இருக்கிறது. பாட்டி அதைப் பத்து வயதுப் பேரன் பெயரில் செட்டில்மென்ட் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். பையன் பதினாறு வயதில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்த் தானே கிரயத்தில் கையெழுத்துப் போடுகிறான். அது செல்லாது, மைனர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இன்றுவரை நிற்கிறது. அதே நிலத்தைப் பையனுடைய அப்பா, காப்பாளர் என்ற முறையில், கோர்ட்டில் அனுமதி வாங்காமல் விற்கிறார் என்றால்? இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 8: பையன் கேட்டால் அதைச் செல்லாததாக்கலாம். கேட்காவிட்டால்? வாங்கியவருக்கு நிலம் நின்றுவிடும். கேட்பதற்கும் கெடு உண்டு. காலவரையறைச் சட்டத்தின்படி மேஜரானதிலிருந்து மூன்று ஆண்டு, அதாவது இருபத்தொன்றாவது பிறந்தநாள் வரை. ‘அப்பா விற்றது செல்லாது, எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம்’ என்று முப்பது வயதில் வந்து நிற்கிற பிள்ளைகளிடம் சொல்ல வக்கீலுக்கு ஒன்றும் இருக்காது. ஒரு ‘ஆக்கத்தக்க’ என்ற ஒட்டில் போனது நிலம்.

கல்யாணத்திலும் இதே கதை. மனைவி உயிரோடிருக்க, விவாகரத்தும் ஆகாமல் இன்னொரு பெண்ணைக் கட்டினால், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி அந்த இரண்டாவது திருமணம் செல்லாது. கோர்ட் வந்து சொல்லித்தான் செல்லாமல் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் அதில் பிறந்த பிள்ளையைச் சட்டம் தள்ளுவதில்லை. பிரிவு 16 அந்தப் பிள்ளையை முறையான பிள்ளையாகவே கொள்கிறது. தாய் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு. கல்யாணம் செல்லாது, பிள்ளை செல்லும். குழந்தைத் திருமணமோ பெரும்பாலும் ‘ஆக்கத்தக்க’ வகை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தையாக இருந்து கட்டிவைக்கப்பட்டவர் மேஜராகி இரண்டு ஆண்டு முடியுமுன் கோர்ட்டுக்குப் போய் அதை இல்லாமல் செய்யலாம். போகாவிட்டால் அது நிற்கும். நடத்திவைத்தவர்களுக்குத் தண்டனை தனி. இந்த இடத்தில் சட்டம் எனக்குத் திருப்தியாக இல்லை; பாரத்தைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் தலையிலேயே வைக்கிறது.

‘பதிவு செய்யாத’ என்ற எதிர்மறையும் இங்கேதான் சேரும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் கிரயத்தைப் பதியாவிட்டால் உரிமை கை மாறாது. ஆனால் பதியாத உயில் செல்லும். எழுதியவர் கையெழுத்தும், அதைக் கண்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறையாக இருந்தால் போதும். பதியாதது எல்லாம் செல்லாதது என்று ஒரே கோடாகப் போட முடியாது. பதியாமை ஓர் இன்மை. அந்த இன்மைக்கு என்ன பலன் என்பதை ஒவ்வொரு தாளுக்கும் சட்டம் தனியாகச் சொல்லும்.

நிரூபிக்கவில்லை, பொய்யென்று நிரூபித்தார்கள்

சாட்சியச் சட்டம் 1872இலிருந்தே ஒரு விஷயத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது; இப்போதைய பாரதிய சாக்‌ஷிய அதினியமும் அப்படியே வைத்துக்கொண்டது. மெய்ப்பிக்கப்பட்டது, பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. மூன்றாவது, முதலிரண்டிலும் சேராத ஒன்று.

பெரியப்பா எழுதியதாகச் சொல்லும் உயிலை ஒருவர் கோர்ட்டில் போடுகிறார். சாட்சிகள் இருவரும் இறந்துவிட்டார்கள், கையெழுத்தை அடையாளம் காட்ட ஆளில்லை. உயில் மெய்ப்பிக்கப்படவில்லை, அவர் தோற்கிறார், அவ்வளவே. அதே உயிலின் தேதியில் பெரியப்பா நினைவில்லாமல் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று எதிர்த்தரப்பு ஆவணத்தோடு காட்டினால், அது பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கப்புறம் கொண்டுவந்தவர் போலி ஆவணக் குற்றத்துக்குப் பதில் சொல்ல நேரும். முதலாவது இன்மை, இரண்டாவது மறுதலை. ஊருக்குப் போய்ச் சொல்லும்போது இரண்டையும் ‘கள்ள உயில்னு தீர்ப்பாயிட்டு’ என்று சொல்லிவிடுவோம்.

கிரிமினல் வழக்கில் விடுதலையான பையன்களுக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தாலும் சட்டத்தின் முன் விடுதலை விடுதலைதான். ஆனால் தமிழ்நாட்டுப் போலீஸ் வேலைக்கான விதிகள், சந்தேகத்தின் பலனிலோ சாட்சி பிறழ்ந்ததாலோ விடுதலையானவரைக் குற்றவழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கணக்கெடுக்கின்றன. மணிமுத்தாறு பட்டாலியன் கனவோடு ஓடிப் பழகும் பையன் ஊர்ச் சண்டையில் பெயர் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் பதறுவதில் அர்த்தம் இருக்கிறது.

சில்லறை

‘நான்-ஜுடீஷியல்’ முத்திரைத்தாள் கோர்ட்டில் எடுபடாது என்று நினைக்க வேண்டாம். கோர்ட் கட்டணத்துக்கான தாள் அல்ல, பத்திரம் எழுதுவதற்கான தாள் என்பதே அதன் பொருள். அன்மை.

‘நான்-காக்னிசபிள்’ என்று சொல்லிப் போலீஸ் ஒதுங்கினால் குற்றமே நடக்கவில்லை என்று பொருளில்லை. வரப்பில் கைகலப்பாகி லேசான காயம் என்றால் (நியாய சன்ஹிதா 115(2)), மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. எழுதி வைத்துக்கொண்டு உங்களை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும்.

‘வாராக்கடன்’ என்ற சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அதிகம் பேசுகிறது. தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் நிலுவையானால் வங்கி அதை அந்தக் கணக்கில் வைக்கும். அதற்குப் பின்னும் கட்டலாம், வரும்.

‘டிபால்ட்டில் தள்ளுபடி’ என்றால் கூப்பிட்டபோது ஆளில்லை என்பதால் வழக்கைத் தள்ளியது. தோற்றதாக அர்த்தமில்லை, தக்க காரணத்தோடு முப்பது நாளுக்குள் மனுப்போட்டு மீட்கலாம். ‘தகுதியில்லாதவர்’ என்றால் தகுதி வந்தே சேரவில்லை. ‘தகுதியிழந்தவர்’ என்றால் இருந்தது போனது. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் இழப்பது இரண்டாவது. சிறையிலிருந்து வந்தபின்னும் ஆறு ஆண்டு அது தொடரும்.

வினைமுற்றுகளில் வரும் மறுப்புக்கு இன்னும் உன்னிப்பு வேண்டும். ‘அனுமதி பெறாமல் விற்கலாகாது’ என்பதில் மறுப்பு இரண்டு; அனுமதி பெற்றால் விற்கலாம். ‘இயலாது’ என்றால் செய்தாலும் நடக்காது. ‘கூடாது’ என்றால் தடை. ‘வேண்டியதில்லை’ என்றால் கட்டாயமில்லை. இவற்றில் நம் வீட்டுப் பேச்சில் அதிகம் குழப்புவது ‘வேண்டாம்’. உயிலைப் பதிய வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், பதியாதே என்கிறாரா, பதியாவிட்டாலும் பரவாயில்லை என்கிறாரா? சட்டம் சொல்வது இரண்டாவதை. தாத்தாமார் காதில் விழுவது முதலாவது. உயிலை மடித்து இரும்புப் பெட்டிக்குள் வைத்து, சாவியைத் தலையணைக்கடியில் போட்டுக்கொள்வார்கள். தாராளமாகப் பதியலாம். யாருக்கும் இப்போதைக்குத் தெரியக் கூடாது என்றால், உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் பதிவுச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் வழியிருக்கிறது.